கை ஈரமா இருக்கு

செல்லூரில் கரண்ட் போனால்தான் ஒருவர் பேசுவது இன்னொருவருக்கு ஒழுங்காகக் கேட்கும். மற்ற நேரமெல்லாம் தறிச் சத்தம்தான். அன்றைக்கு மத்தியானம் கரண்ட் போயிருந்தது. அதனால் என் மகள் அழுத அழுகை வளவு முழுக்கக் கேட்டது.

எங்கள் வளவில் எதிரும் புதிருமாக ஓட்டு வீடுகள். நடுவில் ஒரு முற்றம், அதில் ஓர் அடிபம்பு. பம்புக்குப் பக்கத்தில் சுவர் நிழல் விழுந்த இடத்தில் கோமதியக்கா நின்றிருந்தாள். எதிர்வீட்டுக்காரி. தன்னுடைய பழைய நூல் சேலை ஒன்றை மடித்து ஒரு பக்கத்தை அவள் பிடித்துக்கொண்டாள். மறுபக்கத்தை இன்னொரு பெண் பிடித்துக்கொண்டாள். நடுவில் தொட்டில் போலத் தொங்கிய இடத்தில் என் மகள் கலா கிடந்தாள். பிறந்து ஒரு மாதம் ஆகியிருக்கும்.

"நீ அந்தப் பக்கம் தூக்கு, நான் எறக்குறேன். மெதுவா. அம்புட்டுத்தேன், அம்புட்டுத்தேன்."

சேலை ஒரு பக்கம் உயர்ந்தது, பிள்ளை மறுபக்கம் உருண்டது. பிறகு அந்தப் பக்கம் உயர்ந்தது, இந்தப் பக்கம் உருண்டது. முகம் துணிக்குள் புரளும்போது அழுகை அமுங்கும். திரும்பும்போது மறுபடியும் கிளம்பும். நான் பம்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயிலில் அது சுட்டது. கையை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. எட்டிப் பார்த்தோம். தூங்கிப்போயிருந்தாள்.

கோமதியக்கா நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "ஒரம் விழுந்துருக்கு. எடுத்தாச்சு. கழுத்தத் தாங்காமத் தூக்கியிருக்கீக. யாரு தூக்குனா?"

எல்லோருடைய கண்ணும் எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்த என் கணவர் மேல் போனது.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதிய, என் கல்யாணப் பந்தியில் ரசம் தீர்ந்துபோன கதையைப் படித்துவிட்டு நிறையப் பேர் சிரித்ததாகச் சொன்னார்கள். இந்த வாரமும் அப்படி ஏதாவது எழுதுங்கள் என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டார். எழுத உட்கார்ந்தால் இதுதான் வருகிறது. சிரிக்க நினைப்பவர்கள் அடுத்த பக்கத்துத் துணுக்குகளுக்குப் போய்விடலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

யார் தூக்கியது?

உரம் விழுவது என்றால் என்னவென்று இந்தக் காலத்துத் தாய்மார்கள் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். பச்சைப் பிள்ளையைக் கழுத்தைத் தாங்காமல் தூக்கினாலோ, ஒரு கையைப் பிடித்து இழுத்தாற்போல் எடுத்தாலோ, உள்ளே நரம்பு பிசகிக்கொள்ளும் என்பார்கள். பிசகினால் பிள்ளை நிறுத்தாமல் அழும், பால் குடிக்காது. சேலையில் போட்டு உருட்டினால் பிசகு விலகிவிடும். சில ஊர்களில் சுளகில், அதாவது முறத்தில், போட்டுக் குலுக்குவதும் உண்டு.

இதில் வைத்தியம் பெரிதில்லை. அதற்கு அப்புறம் வரும் கேள்விதான் பெரிது. பிள்ளைக்குச் சளி பிடித்தால் யாரால் பிடித்தது என்று எவரும் கேட்பதில்லை. உரம் விழுந்தால் அந்தக் கேள்வி உடனே வந்துவிடும். உரம் தானாக விழாது, யாரோ ஒருவர் தூக்கியிருக்க வேண்டும்.

அன்று காலையில் தூக்கியவர் என் கணவர் முத்தையா. தறி மெக்கானிக். செல்லூரில் எந்தத் தறி நின்றாலும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். பெரிய கை. நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு இருக்கும். பிள்ளை பிறந்த பிறகு, வேலை முடிந்து வந்ததும் மண்ணெண்ணெய் போட்டுக் கிரீஸைக் கழுவுவார். அப்புறம் சோப்பு. அப்புறம் கையை மோந்து பார்ப்பார். திருப்தியாக இல்லையென்றால் மறுபடியும் சோப்பு. அதற்கெல்லாம் பிறகுதான் பிள்ளையிடம் போவார். அவருடைய உள்ளங்கையில் அவள் முதுகு முழுவதும் அடங்கிவிடும்.

அன்று சாயங்காலம் கோமதியக்காவின் வீட்டுக்காரர் டீ குடிக்கப் போகும் வழியில் எங்கள் வாசலில் நின்றார். "என்ன மாப்ள, பல்சக்கரத்தத் தூக்குறாப்புல பிள்ளையத் தூக்கிட்டீகளாம்ல?"

விளையாட்டாகத்தான் கேட்டார். இவரும் சிரித்தார். மறுநாள் வேலை முடிந்து வந்து, வழக்கம்போல் கையைக் கழுவினார், மோந்து பார்த்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து பிள்ளையைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூக்கலையாங்க?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும். தூங்குதுல்ல."

பிள்ளை முழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

பேரையூர்க்காரியின் கை

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் பேரையூர்ப் பக்கம். வானம் பார்த்த பூமி, பருத்தியும் சோளமும். ஊரில் கல்யாணம், காது குத்து என்று எங்கே போனாலும் பெண்கள் கைக்குழந்தைகளை ஆள் மாற்றி ஆள் வாங்கிக் கொஞ்சுவார்கள். என் அம்மாவிடம் யாராவது பிள்ளையை நீட்டினால் மட்டும் அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் விட்டுக்கொள்வாள்.

"கை ஈரமா இருக்கு" என்பாள்.

அடுப்படியில் இருந்தாலும் அதேதான், பந்தலில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அதேதான். சின்னப்பிள்ளையில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. ஒரு முறை முந்தானையை விலக்கித் தொட்டுப் பார்த்தேன். பருத்தி எடுத்து வெடித்த கை, சொரசொரவென்று காய்ந்து கிடந்தது. "பொய் சொல்றம்மா" என்று நான் கத்த, அம்மா என்னை அடித்தாள். அவள் என்னை அடித்தது அநேகமாக அந்த ஒரு முறைதான்.

நான் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்னே மஞ்சள் காமாலையில் அம்மா போய்விட்டாள். ஏன் அடித்தாள் என்பது எனக்குத் தெரியவந்தது என் வளைகாப்பில்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, எனக்கு வளையல் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். கன்னத்தில் சந்தனம் பூசுகிற சாக்கில் குனிந்து காதோரம் சொன்னார்: "பாத்து சூதானமா இருந்துக்கத்தா. ஒங்கம்மா கணக்கா இருந்துறாத. மொதப் பிள்ளைக்கு ஒரம் விழுக வச்சே பறிகுடுத்தா."

எனக்கு முன்னால் ஒரு அக்கா பிறந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பிறந்து கொஞ்ச நாள் நிறுத்தாமல் அழுது, பிறகு பால் குடிப்பதை நிறுத்தி, செத்துப்போயிருக்கிறாள். எந்த நோயோ, எவருக்குத் தெரியும்? அந்தக் காலத்தில் பேரையூரில் பச்சைப் பிள்ளைகள் சாவதற்குக் காரணத்துக்கா பஞ்சம்? ஆனால் என் அப்பா வீட்டார் ஒரே ஒரு காரணத்தைத்தான் வைத்துக்கொண்டார்கள். யார் தூக்கியது என்று கேட்டார்கள். அம்மா தூக்கியிருந்தாள். பெற்றவள் தூக்காமல் வேறு யார் தூக்குவார்கள்?

வளைகாப்பில் எல்லோரும் என்னைச் சுற்றிப் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் மடியில் வைத்திருந்த என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வக்கீல் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். கட்டையைப் பார்க்காமலேயே பத்து விரலும் சரியான எழுத்தில் போய் விழும். கை விஷயத்தில் எனக்குக் கர்வமே உண்டு. அந்தக் கர்வமெல்லாம் அத்தையின் ஒரு வார்த்தையில் போனது.

தலையணை

கோமதியக்காவைப் பற்றித் தப்பாக நினைத்துவிடாதீர்கள். எனக்குப் பெற்றவளும் இல்லை, மாமியாரும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வந்து இறங்கியபோது ஆரத்தி எடுத்தது அவள்தான். காலை நீட்டி உட்கார்ந்து, கால் மேல் பிள்ளையைக் கிடத்தித் தினமும் குளிப்பாட்டிவிட்டதும் அவள்தான். காசு பணம் வாங்காமல், முகம் சுளிக்காமல் செய்தாள். உரத்தை நம்பினாள் என்றால், அந்த வளவில் அதை நம்பாதவர் யார்? நான் நம்பவில்லையா?

இவர் பிள்ளையைத் தொடாமல் விட்ட பிறகு, கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் ஒரு மத்தியானம் அதே அழுகை. அதே சேலை, அதே உருட்டல். அழுகை நின்றதும் அக்கா வழக்கம்போல் நிமிர்ந்தாள். கேள்வியைக் கேட்க வாயெடுத்தவள் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

கேட்டிருந்தால்கூடத் தேவலை. இந்த முறை இவர் தூக்கவில்லை. கோமதியக்கா காலையில் குளிப்பாட்டிப் போனதோடு சரி. மற்ற நேரமெல்லாம் தூக்கியவள் நான்.

அன்றிலிருந்து பிள்ளையை நான் தலையணையோடு சேர்த்துத்தான் எடுத்தேன். தலையணை மேல் அவள், தலையணைக்கு அடியில் என் கை. ஒரு தட்டில் எதையோ வைத்துத் தூக்கிப்போவதுபோல வீட்டுக்குள் நடந்தேன். அரிவாள்மனை கிடக்கும் பக்கம் போகும்போது கால் தடுக்கினால் என்ன ஆகும் என்று தோன்றும். உடனே சுற்றி வேறு பக்கமாகப் போவேன். பிறகு அரிவாள்மனையைப் பரண் மேல் போட்டேன். காய் நறுக்க ஒவ்வொரு தடவையும் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன். ஸ்டூலிலிருந்து நான் விழுந்தால் பிள்ளை மேல்தான் விழுவேன் என்று பிறகு ஒரு எண்ணம் வந்தது. காய் நறுக்குவதையே குறைத்துக்கொண்டேன். இவர் ரசத்தையும் அப்பளத்தையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கோமதியக்கா ஒரு சாவுக்காக ஊருக்குப் போனாள். குளிப்பாட்டும் வேலை என்னிடம் வந்தது. சட்டியில் தண்ணீர் விளாவி, காலை நீட்டி உட்கார்ந்தேன். பிள்ளையைக் கால் மேல் கிடத்தினேன். எண்ணெய் தேய்த்த உடம்பு வழுக்கியது. வழுக்கியதுதான், விழவில்லை. ஆனால் விழுந்ததை நான் பார்த்துவிட்டேன். சிமெண்ட் தரையில் தலை படும் சத்தம்கூட எனக்குக் கேட்டது. அவளை அப்படியே பாயில் இறக்கிவிட்டு, சட்டித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினேன். அக்கா திரும்பி வரும்வரை ஈரத் துணியால் துடைத்துவிட்டதோடு சரி.

இதையெல்லாம் யாரிடமும் நான் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? எனக்குப் பிள்ளை மேல் பிரியம் இல்லை என்றுதான் நினைப்பார்கள். அவளைப் பார்த்தால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும் அளவுக்கு எனக்குப் பிரியம் இருந்தது. பிரியம் கூடக் கூடக் கை பின்னால் போனது. இதை விளக்க அன்றைக்கு எனக்கு வார்த்தை இல்லை, இன்றைக்கும் பெரிதாக ஒன்றும் கிடைத்துவிடவில்லை.

சமத்து

கொஞ்சம் கொஞ்சமாகத் தலையணையையும் விட்டேன். எதற்கு எடுக்க வேண்டும்? பாயில் கிடக்கட்டும். பால் கொடுக்க வேண்டுமென்றால் நான் பக்கத்தில் படுத்துக்கொண்டால் போயிற்று. துணி மாற்றினால் காலை மட்டும் லேசாகத் தூக்கினால் போதும். எடுக்காத பிள்ளைக்கு உரம் எப்படி விழும்?

விழவில்லை. அதுதான் கொடுமை. நாளாக நாளாக மத்தியான அழுகை குறைந்தது. பிறகு சாயங்கால அழுகையும் குறைந்தது. ஓட்டுக்கு நடுவில் வெளிச்சத்துக்காக ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தார்கள். பிள்ளை அதையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். மேகம் போனால் தரையில் விழும் வெயில் மங்கும். அவள் கண் அதன் பின்னால் போகும்.

"என்னா சமத்துப் பிள்ள!" என்றார்கள் வளவுப் பெண்கள். "ஏங்கிட்டயும் ஒண்ணு இருக்கே, எறக்கி விட்டா ஊரக் கூட்டுது. ஒனக்குக் குடுத்து வச்சிருக்கு சகுந்தலா."

நானும் அப்படித்தான் நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெருமையாகக்கூட இருந்தது.

பாய்

அன்றைக்குக் காலையிலிருந்து கரண்ட் இல்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, அவள் கக்கியதைத் துடைத்த துணியைக் கால்மாட்டில் போட்டுவிட்டு, பம்படியில் துணி அலசப் போனேன். அலசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் வந்துவிட்டது. வளவைச் சுற்றி எல்லாத் தறியும் ஒரே நேரத்தில் கிளம்பின. நான் அவசரப்படவில்லை. பிழிந்து, உதறி, கொடியில் போட்டுவிட்டு வந்தேன்.

சுவர் வெடிப்பிலிருந்து அந்தப் பால் துணிக்குச் செவ்வெறும்பு வரிசை போட்டிருந்தது. துணியிலிருந்து பிள்ளையின் கால் மேலும் ஏறியிருந்தது. முழங்கால் வரை.

அவள் காலை மடக்கி மடக்கி நீட்டினாள். வாய் திறந்திருந்தது. தறிச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அழுதாளா, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் திறந்திருந்தாளா, எனக்குத் தெரியாது. இன்று வரை தெரியாது.

பக்கத்தில் குந்தினேன். கையை நீட்டினேன். கழுத்துக்கு அடியில் போகவேண்டிய கை அங்கே போகவில்லை. இந்தப் பதற்றத்தில் தூக்கினால் நிச்சயம் பிசகிவிடும் என்று எனக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. ஒற்றை விரலால் எறும்புகளைத் தள்ளினேன், கால் அசைந்துவிடாமல், ஒவ்வொன்றாக. தள்ளத் தள்ள ஏறின. "அக்கா! கோமதியக்கா!" என்று கத்தினேன். செல்லூரில் தறி ஓடும்போது யாருக்குக் கேட்கும்?

பாயின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். பிள்ளையோடு, எறும்போடு, பாயை வாசலை நோக்கி இழுத்துக்கொண்டு போனேன். நிலைப்படியில் பாய் முட்டி மடங்கி நின்றுவிட்டது. அதற்கு மேல் இழுத்தால் பிள்ளை உருண்டுவிடுவாள். அங்கேயே நின்றேன். பாய் ஓரம் கையில் இருந்தது. பிள்ளை வாய் திறந்தபடி இருந்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த இவர் பார்த்தது அந்தக் கோலத்தைத்தான்.

கையைக் கழுவவில்லை. மோந்து பார்க்கவில்லை. குனிந்து, ஒரு கையால் பிள்ளையை அள்ளி எடுத்தார். கழுத்தைத் தாங்கினாரா என்றுகூட நான் பார்க்கவில்லை. பம்படிக்கு ஓடி, ஒரு கையால் அடித்து, பீச்சிய தண்ணீரில் அவள் காலைக் காட்டினார். எறும்பெல்லாம் போன பிறகு தோளில் சாய்த்துக்கொண்டார். அவள் வெள்ளைச் சட்டையின் முதுகில் கிரீஸ் கறை, ஐந்து விரலும் அப்படியே விழுந்திருந்தது.

என் பக்கம் திரும்பினார். "நீ ஏன் தூக்கல?"

தறிச் சத்தத்தில் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது. அதனால் கோபத்தில் கேட்டாரா, தெரிந்துகொள்ளக் கேட்டாரா என்று எனக்குப் புரியவில்லை. அதற்கு அப்புறம் அவர் சாகும்வரை அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம்.

அன்று சாயங்காலம் முழுவதும் நான் ஒன்றுக்காகக் காத்திருந்தேன். அப்படி அள்ளி எடுத்திருக்கிறாரே, உரம் விழ வேண்டுமே. பிள்ளை எப்போது அழ ஆரம்பிப்பாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விழவில்லை. வீங்கிய காலோடு, அப்பா தோளிலேயே தூங்கிவிட்டாள்.

டாக்டரம்மா

மறுநாள் கோரிப்பாளையம் பக்கத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். வயதான அம்மா, கண்டிப்பானவர். எறும்புக் கடிக்கு ஒரு களிம்பு கொடுத்தார். பிறகு பிள்ளையின் தலையைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். தேங்காயை ஒரு பக்கம் தேய்த்துவிட்டதுபோல் தட்டையாக இருந்தது. நான் அதுவரை கவனித்ததில்லை.

"பிள்ளைய எடுக்குறதே இல்லையா?"

"ஒரம் விழுந்துரும்னு..." என்று ஆரம்பித்தேன்.

"ஒரமாவது ஒண்ணாவது. இந்த வயசுல எல்லாப் பிள்ளையும்தான் அழும். வயித்துல வாயு, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழிச்சுத் தானா நிறுத்தும். நீங்க சேலையில உருட்டுனாலும் நிறுத்தும், உருட்டாட்டியும் நிறுத்தும். இப்ப எவ்வளவு அழுகுது?"

"அழுகுறதே இல்லைங்க டாக்டர். ரொம்பச் சமத்து."

டாக்டரம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் குரல் இறங்கிவிட்டது. "கூப்பிட்டா யாரும் வரலைன்னா, அதுவும் எத்தன நாளைக்குத்தாம்மா கூப்பிடும்?"

பிள்ளையைத் தூக்கி, "பிடிங்க" என்று என்னிடம் நீட்டினார். இவர் குறுக்கே கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

உரம் என்று ஒன்று இல்லை என்றால், என் அம்மா ஒன்றும் செய்யவில்லை. திரும்பி வரும்போது சைக்கிள் ரிக்‌ஷாவில் அதைத்தான் நினைத்தேன். வாழ்நாள் பூராவும் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு திரிந்தவள் ஒன்றுமே செய்யவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது? வைகைக் கரையோரம் போகும்போது எனக்கு அழுகை வந்தது. இவர் பிள்ளையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

புத்திக்கு அன்றே புரிந்துவிட்டது. கைக்குத்தான் புரியவில்லை. மறுநாள் தூக்க முயன்றேன், வேர்த்துக் கொட்டியது. அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். அவள் கழுத்து நன்றாக நின்று, உட்காரக் கற்று, தானாக என் மடியில் தவழ்ந்து ஏறியபோதுதான் நான் அவளைப் பயமில்லாமல் பிடித்தேன். அதற்குள் அவள் அப்பா பிள்ளையாகிவிட்டாள். கீழே விழுந்தால் அழ மாட்டாள். எழுந்து, தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டு, தான்பாட்டுக்குப் போவாள். வளவில் அப்போதும் சமத்து என்றுதான் சொன்னார்கள்.

இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று சொன்னது நான்தான். சொந்தக்காரர்களுக்கு ஆயிரம் காரணம் சொன்னோம்.

பரவையில்

கலா இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது பரவையில் என் நாத்தனார் செல்லத்துக்குக் குழந்தை பிறந்தது. பார்க்கப் போயிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை, வீடு நிறையப் பிள்ளைகள். பாப்பாவை யார் மடியில் முதலில் வைப்பது என்று ஒரே அடிதடி. செல்லம் எல்லோரையும் சுவரோரம் வரிசையாக உட்கார வைத்தாள். சம்மணம் போட்டு, கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார்கள். ஒவ்வொரு மடியிலும் கொஞ்ச நேரம் பாப்பாவை வைத்து எடுத்தாள்.

கலா வரிசையில் உட்காரவில்லை. தூணோரம் நின்றிருந்தாள்.

"வாடி, ஒந்தங்கச்சிதான, வாங்கிக்க" என்று செல்லம் அவளைப் பார்த்துப் பாப்பாவை நீட்டினாள்.

என் மகள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"கை ஈரமா இருக்கு அத்த."

அறையில் ஒரே சத்தம். வேறு யாரும் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். இவர் கவனித்தார். என்னைப் பார்த்தார்.

என் அம்மாவைப் பற்றி அவளிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த வார்த்தையை என் வாயால் சொல்லவே கூடாது என்று வளைகாப்பு அன்றே முடிவு செய்திருந்தேன். சொல்லவில்லை என்றுதான் அந்த நிமிடம் வரை நினைத்திருந்தேன். அப்படியானால் இவளுக்கு எப்படித் தெரியும்? வளவில் எத்தனை பேர் எத்தனை பிள்ளையை என்னிடம் நீட்டியிருப்பார்கள். அப்போதெல்லாம் என் சேலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் இவள்தானே.

தூணருகே போய், பின்னால் இருந்த அந்தச் சின்னக் கைகளை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். விரல் இடுக்கில் கொஞ்சம் பலப்பத் தூள் ஒட்டியிருந்தது. சுத்தமாகக் காய்ந்திருந்தன.

"ஈரந்தான, இந்தா, தொடச்சுட்டு வா" என்று செல்லம் சிரித்துக்கொண்டே ஒரு துண்டைத் தூக்கிப் போட்டாள்.

கலா துண்டை எடுத்துத் துடைத்தாள். உள்ளங்கையைத் துடைத்தாள், புறங்கையைத் துடைத்தாள், ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். அதற்குள் பாப்பாவை வேறொரு பிள்ளையின் மடியில் வைத்துவிட்டார்கள்.